படத்தில் ஏறிய பூக்கள்

மாதம்மாளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று கொல்லிமலைக் கருங்காட்டுப்பட்டியில் பேசிக்கொள்வார்கள். ஆளும் பார்க்க அப்படித்தான் இருப்பாள். மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்கினால் புருஷனை எழுப்ப மாட்டாள், தானே தகரத்தைத் தட்டிக்கொண்டு போவாள். செம்மேட்டுச் சந்தையில் அன்னாசிப் பழத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்ட வியாபாரியிடம், "நீங்களே வந்து முள்ளுக்குள்ள கைய உட்டு அறுத்துக்கங்க, சும்மாவே தாரேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலைக்குத் தூக்கியவள். அதை வைத்து ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. வாய் நீளமாக இருந்தால் நெஞ்சும் கல்லாக இருக்கும் என்று ஊருக்கு ஒரு நினைப்பு.

உண்மையில் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அவள் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. மூத்த பையன் தனபால். செம்மேட்டில் ஓரி விழாவுக்குக் கூட்டிப்போனபோது அங்கே திரை கட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தவனிடம் எடுத்தது. பையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி நிற்பான். அடுத்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுபோனார்கள். வளைவெல்லாம் இறங்கி முடிந்து, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி கண்ணுக்குத் தெரிவதற்குள் மடியிலேயே உயிர் போய்விட்டது. அதற்கப்புறம்தான் அந்தப் போட்டோவைப் பெரிசு பண்ணிச் சட்டம் போட்டு, பிளாஸ்டிக் மாலை வாங்கி மாட்டினார்கள். ஊரில் பாதிப் பேருக்குப் போட்டோவே கிடையாது. இருக்கிற போட்டோக்களில் மாலை போட்டிருந்தால் செத்தவர், போடாவிட்டால் இருக்கிறவர். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தனபால் போனபின் சுஜிதா பிறந்தாள். மாதம்மாள் அவளுக்குக் காது குத்தினாள், முடி எடுத்தாள், எல்லாம் செய்தாள். போட்டோ மட்டும் எடுக்க விடவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் குழந்தையை நிறுத்திப் படம் எடுக்க வந்தவனை, "எம்புள்ள என்ன காட்சிப் பொருளா?" என்று விரட்டிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் குழந்தையின் முகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

சுஜிதாவைப் பள்ளியில் சேர்த்த வருடமே மாதம்மாளுக்கு அங்கே சத்துணவு சமையலில் உதவியாளர் வேலை கிடைத்தது. அவள் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே அப்போதுதான். சின்ன வயதில் ஆடு மேய்த்தாள், பிறகு மிளகு பறித்தாள், பிறகு கல்யாணம். எழுத்து என்பது அவளைப் பொறுத்தவரை அடுத்தவர் வீட்டுச் சமாச்சாரம். அதனால் மகள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது அவள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அதுல அப்படியேவா போட்டிருக்குது? நீயா சேத்திச் சொல்லலியே?" என்று கேட்பாள். "அப்படியேதாம்மா போட்டிருக்குது" என்று சுஜிதா சத்தியம் பண்ணுவாள். மாதம்மாளுக்கு அந்த நேரத்தில் இருந்த சந்தோஷம் வேறு எதிலும் இருந்ததில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம், சுஜிதா நாலாம் வகுப்புக்கு வந்தபோது, பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஏதோ ஒரு அறக்கட்டளை கொடுத்தது. ஜீப்பில் வைக்கோல் பரப்பி, பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தார்கள். அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்து அதில் வைத்தார்கள். கீழேயிருந்து ஆட்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள், பேசினார்கள், முறுக்கு சாப்பிட்டார்கள். வெட்டிய ரிப்பனைப் பெண்பிள்ளைகள் பங்கு போட்டுத் தலையில் கட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

தலைமையாசிரியர் மணிவண்ணன் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். தினமும் முதல் பஸ்ஸில் மேலே வந்து கடைசி பஸ்ஸில் இறங்குகிறவர். நல்ல மனுஷன், ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற ஜாதி. அவர் பெற்றோரைக் கூட்டி விளக்கினார்.

"ஒவ்வொரு குழந்தையும் இந்த டெர்முக்கு எத்தனை கதைப் புஸ்தகம் படிக்கறதுன்னு அதுவே ஒரு இலக்கு வெச்சுக்கணுமுங்க. புஸ்தகமெல்லாம் கம்ப்யூட்டரோட கூட வந்த இந்தப் பெட்டில இருக்குது. படிச்சு முடிச்சதும் கம்ப்யூட்டர் அந்தக் கதையில இருந்து கேள்வி கேக்கும். சரியாச் சொன்னா, குழந்தையோட போட்டோவுக்குக் கீழ ஒரு பூ வரும். புஸ்தகத்துக்கு ஒரு பூ. யாரு எவ்வளவு படிச்சிருக்காங்கன்னு பாத்த உடனே தெரிஞ்சுரும்."

"போட்டோ எதுக்குங்க சார்?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"தம் மூஞ்சிய அதுல பாத்தாத்தானுங்க புள்ளைங்களுக்கு ஆசை வரும்."

மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுக்கும்போது தன் பிள்ளையை மட்டும் எப்படி ஒளித்து வைப்பது? சுஜிதா நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் தலைமேல் இருந்த கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். மறு நொடியே அவள் முகம் சட்டத்துக்குள் வந்துவிட்டது. மாதம்மாள் கதவோரம் நின்று பார்த்தாள். படத்தைச் சுற்றி ஒன்றும் இல்லை, வெறும் சட்டம்தான். அது வரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டு சாம்பாரைக் கிண்டப் போனாள்.

முதல் மாதம் கொண்டாட்டமாகத்தான் போயிற்று. போட்டோவுக்குக் கீழே மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றாக வரிசை கட்டின, வாசலில் கோலத்துக்கு நடுவே பூ வைத்த மாதிரி. பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு போய் எட்டிப் பார்த்தார்கள். சுஜிதா வெறி பிடித்த மாதிரி படித்தாள். வீட்டுக்கு வரும் வழியிலும் படித்துக்கொண்டே வந்து ஒருநாள் மிளகுக்கொடி ஏற்றிய மரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டாள். ஜீப் ஓட்டுகிற குழந்தைசாமியின் மகன் கவியரசன்தான் அவளுக்குப் போட்டி. இரண்டு பேரும் ஒருவர் பூவை ஒருவர் எண்ணிச் சண்டை போட்டார்கள்.

கீழ் வரிசை நிறைந்தபின் பூ எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அது இரண்டு பக்கமும் மேலே ஏற ஆரம்பித்தது.

மாதம்மாள் அதைப் பார்த்தது ஒரு மத்தியானம். வெளியே மூடுபனி இறங்கி, பள்ளி மைதானத்தில் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. முட்டைச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அறையைத் தாண்டினாள். உள்ளே யாருமில்லை. கம்ப்யூட்டர் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. திரையில் சுஜிதாவின் முகம். கன்னத்தின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூ சரம் சரமாக ஏறித் தோளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. உச்சியில் மட்டும்தான் இன்னும் சேரவில்லை. மகள் மாலைக்குள் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

சட்டியைக் கீழே போட்டாளா, வைத்தாளா என்று அவளுக்கே தெரியாது. முட்டைகள் உருண்டு ஓடின. நேரே வகுப்புக்குப் போய் வாசலில் நின்று, "சார், இங்க வாங்க" என்றாள். மணிவண்ணன் வந்து திரையைப் பார்த்தார்.

"இது என்னங்க சார்?"

"பூவுங்கம்மா."

"பூவுன்னு எனக்கும் தெரியுதுங்க. உசுரோட இருக்கற புள்ளைக்கு எவனுங்க படத்துக்கு மாலை போடுவான்?"

மணிவண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் நாலைந்து நாளாகவே அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. எவனோ எங்கேயோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மாலை மரியாதை செய்யலாம் என்று நினைத்து இதைச் செய்திருக்கிறான். "மரியாதைக்குத்தானுங்கம்மா. மேடையில தலைவருங்களுக்குப் போடறாங்கல்ல, அந்த மாதிரி" என்றார். சொல்லும்போது அவர் குரலே அதை நம்பவில்லை. அறக்கட்டளைக்குப் போன் செய்து சொல்வதாகச் சொன்னார். செம்மேட்டுக்குப் போனபோது சொல்லவும் செய்தார். அடுத்த டெர்மில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அடுத்த டெர்ம் வரைக்கும் பூக்கள் காத்திருக்கவா போகின்றன?

முதலில் மாலை முடிந்தது கவியரசனுக்கு. கடைசிப் பூ வந்து உச்சியில் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் மணி அடித்தது, படத்தின் முன்னால் ஒரு விளக்கு எரிந்தது, கீழே எழுத்து வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். இலக்கை முடித்த குழந்தையின் பக்கத்தை அச்செடுத்துப் பள்ளிச் சுவரில் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்ட வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. மணிவண்ணன் அச்செடுத்தார். கறுப்பு மை மட்டும்தான் இருந்தது. ரோட்டைப் பார்த்த சுவரில் ஒட்டினார்.

சாயங்காலம் டீக்கடை சின்னுசாமி அந்த வழியாகப் போனவர் நின்றார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், ஊருக்கு வருகிற பேப்பரையெல்லாம் படித்துச் சொல்கிறவர். மாதம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் பாத்திரம் கழுவிவிட்டு வெளியே வந்தார்கள்.

"என்னங்க போட்டிருக்குது?" என்று கேட்டாள் ஒருத்தி.

சின்னுசாமி வாய்விட்டுப் படித்தார். "செல்வன் கவியரசன் இலக்கை அடைந்தார்."

படித்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். செம்மேடு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அவர் படிக்காத போஸ்டரா? கறுப்பு மை, நடுவில் முகம், சுற்றிலும் மாலை, முன்னால் விளக்கு. சிவபதவி அடைந்தார், இறைவனடி அடைந்தார். ஊரில் ஒரு பொடியனை யாராவது 'ஆர்' போட்டுச் சொல்வார்களா? செத்தால்தான் அந்த மரியாதை. "எளக்குன்னா என்ன ஊருங்க?" என்று கேட்டாள் இன்னொருத்தி. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கலிகாலம்" என்று முனகியபடி போய்விட்டார்.

அந்த வாரம் கடப்பதற்குள் கவியரசன் பலா மரத்திலிருந்து விழுந்தான்.

பலா மரத்தில் ஏறுகிற பிள்ளை விழுவது கொல்லிமலையில் புதிதில்லை. ஆனால் சுவரில் அந்தக் காகிதம் இருந்தது. பையன் நினைவில்லாமல் கிடந்தான். அப்பன் குழந்தைசாமியே தன் ஜீப்பில் அவனைக் கிடத்திக்கொண்டு கீழே கிளம்பினான். மூடுபனியில் ஜீப்பின் பின் விளக்குச் சிவப்பாக ஒரு வளைவு வரைக்கும் தெரிந்தது, பிறகு இல்லை. ஊரில் போனில்லை. இருந்த ஒன்றிரண்டு செல்போன்களுக்கும் பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கோடு கிடைக்கும். அன்றைக்கு அதுவும் கிடைக்கவில்லை. மறுநாளும் சேதி இல்லை. பள்ளிக்கு யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. பெண்கள் நாலைந்து பேர் போய்ச் சுவரில் இருந்த காகிதத்தைக் கிழித்தார்கள். கிழித்ததைக் கீழே போடவும் பயமாக இருந்தது, கையில் வைத்திருக்கவும் பயமாக இருந்தது. கடைசியில் மாதம்மாள்தான் அதை வாங்கிச் சத்துணவு அடுப்பில் போட்டாள்.

அடுப்பில் போட்டுவிட்டுத் திரும்பியவள் அந்த அறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த மாலை சுஜிதாவுடையது. உச்சியில் ஒரே ஒரு பூவுக்குத்தான் இடம் பாக்கி.

வீட்டுக்கு ஓடினாள். சுஜிதா வாசலில் சாமை காயப்போட்ட பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோழி விரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் குச்சி, மறு கையில் புத்தகம். அது பெட்டியிலிருந்து எடுத்துவந்த கடைசிப் புத்தகம். பாதிக்கு மேல் படித்திருந்தாள்.

மாதம்மாள் புத்தகத்தைப் பிடுங்கினாள். பிள்ளை திகைத்துப் போய்ப் பார்த்தது.

"இனிமே நீ படிக்கக் கூடாது."

"ஏம்மா? இன்னும் கொஞ்சந்தாம்மா இருக்குது. அந்த நரி என்ன ஆச்சுன்னு…"

"நரியாவது நாயாவது! படிக்க மாட்டேன்னு சொல்லு."

"அந்தப் பொட்டி புஸ்தகமாம்மா?"

"எதுவுந்தான்!" மாதம்மாள் கத்தினாள். அவளுக்கு அப்போது பெட்டி எது, பாடம் எது என்று பிரித்துப் பார்க்கிற நிதானம் இல்லை. பிள்ளையின் சின்னக் கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலைமேல் வைத்து அழுத்தினாள். "எந்தலை மேல சத்தியம் பண்ணு. இனிமே படிக்க மாட்டேன், படிச்சா எங்கம்மா செத்துருவான்னு சொல்லு. சொல்லு சாமி!"

சுஜிதா அழுதாள். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு தேம்பிக்கொண்டே, ஒரு வார்த்தை விடாமல், அப்படியே சொன்னாள்.

மாதம்மாள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். தப்பித்தோம் என்று நினைத்தாள். பெற்ற வயிறு அந்த நேரத்தில் வேறு என்ன நினைக்கும்? அவளைக் குற்றம் சொல்கிறவர்கள் மடியில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்து சொல்லட்டும்.

நாலைந்து நாள் கழித்துக் குழந்தைசாமியின் ஜீப் மேலே வந்தது. முன் சீட்டில் கவியரசன் காலில் மாவுக்கட்டோடு, வாயில் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தான். கால்தான் முறிந்திருந்தது, தலையில் ஒன்றுமில்லை என்று நாமக்கல்லில் சொல்லிவிட்டார்களாம். ஊரே போய்ப் பார்த்தது. அதற்குள் மணிவண்ணன் அறக்கட்டளையோடு போனில் சண்டை போட்டிருந்தார். அவர் வாழ்க்கையில் மேலிடத்தோடு சண்டை போட்டது அந்த ஒரு தடவைதான். அனுராதா என்று ஒரு பெண்ணைப் பையில் கம்ப்யூட்டரோடு அனுப்பிவைத்தார்கள். ஊர்க்காரர்கள் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நாங்க யோசிக்கவே இல்லைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உட்கார்ந்து ஏதோ தட்டினாள். பூவெல்லாம் போய், அந்த இடத்தில் பலூன்கள் வந்தன. விளக்கு போயிற்று. 'அடைந்தார்' போய் 'சபாஷ்' என்று வந்தது. பிள்ளைகள் திரும்பப் பள்ளிக்கு வந்தார்கள். ஊர் சிரித்துக்கொண்டது. தான் பயப்படவே இல்லை என்று சின்னுசாமி கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதம்மாளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, பரண்மேல் ஒளித்து வைத்திருந்த புத்தகத்தை எடுத்து மகளிடம் நீட்டினாள். "இந்தா கண்ணு. படி. அந்த நரி என்ன ஆச்சுன்னு எனக்கும் சொல்லு."

சுஜிதா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அட, நாந்தான் சொல்றேன்ல. மாலையெல்லாம் போயிருச்சு. கவிக்கும் ஒண்ணும் ஆகல."

"அது மாலைம்மா. சத்தியம் வேற."

"சத்தியத்த நான் திருப்பி வாங்கிக்கறேன். எந்தலைதானே?"

பிள்ளை யோசித்தது. பெரியவர்கள் யோசிப்பது மாதிரி நெற்றியைச் சுருக்கி யோசித்தது. பிறகு, "நீ திருப்பி வாங்கிக்கிட்டீன்னு சாமிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது. மாதம்மாள் புத்தகத்தைத் திரும்பப் பரண்மேல் வைத்தாள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

சரியாகவில்லை. சுஜிதா பள்ளிக்குப் போனாள், பையைத் திறந்தாள், புத்தகத்தை மடியில் விரித்து வைத்தாள். கண் மட்டும் அதில் இறங்காது. கணக்குப் போடுவாள், யாராவது வாய்க்கணக்காகச் சொன்னால் சட்டென்று விடை சொல்வாள். எண்ணுக்குச் சத்தியம் இல்லை என்று அவளாக ஒரு எல்லை வகுத்திருந்தாள். எழுத்து என்று வந்தால், "தெரியலைங்க சார்." மணிவண்ணன் கெஞ்சினார், மிரட்டினார், ஒருநாள் பிரம்பையும் எடுத்தார். பிள்ளை அடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கம்ப்யூட்டரில் எல்லாருடைய பலூனும் ஏறியது. சுஜிதாவுடையது உச்சிக்கு ஒன்று பாக்கியாக அப்படியே நின்றது. நாளாக ஆக அவள் பெயரைச் சிவப்பில் காட்டி, இந்தக் குழந்தைக்குக் கூடுதல் கவனம் தேவை என்று அது மாதாமாதம் எழுதிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் மட்டும் தெரியாது.

மாதம்மாள் அவளைப் பூசாரி ராசப்பனிடம் கூட்டிப்போனாள். அவர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார், தேங்காய் உடைத்தார், தண்ணீர் தெளித்து, "சத்தியம் கழிஞ்சுது, போ கண்ணு" என்றார். சுஜிதா பயபக்தியோடு எல்லாவற்றுக்கும் நின்றாள். வரும் வழியில் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, அவரு சொன்னது தப்பா இருந்து, உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" தன் பிள்ளை வாயிலிருந்து தன் பயமே பேசுவது மாதம்மாளுக்குக் கேட்டது.

எழுத்துத் தெரிந்தவர் எழுத்தைப் பார்த்துவிட்டால் படிக்காமல் இருக்க முடியாது. அது சுஜிதாவுக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். அதனால் அவள் தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் பழகினாள். செம்மேட்டுச் சந்தைக்குப் போனால் கடைப் பலகையைப் பார்க்க மாட்டாள், பஸ் வந்தால் அதன் நெற்றியைப் பார்க்க மாட்டாள், சுவரோரம் நடந்தால் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு நடப்பாள். "எவ்வளவு அடக்கமான புள்ள! மாதம்மா வயித்துல இப்படி ஒண்ணா?" என்று சந்தையில் பெண்கள் மெச்சினார்கள். மாதம்மாளுக்கு அவர்கள் வாயிலேயே போடலாம் போல இருக்கும்.

அப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. மூன்றாவதில் மாதம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்தாள். பிறகு எழுந்து நிற்க முடியவில்லை. சுஜிதாதான் அவளைக் கைத்தாங்கலாகச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஊசி போட்டார்கள். நர்ஸ் இரண்டு காகிதக் கவரில் மாத்திரை போட்டு, கவர்மேல் பேனாவால் எழுதிக் கொடுத்தாள்.

"ரெண்டும் வெள்ளையா ஒரே மாதிரிதான் இருக்கும், மாத்திப் போட்டுராதீங்க. ஒண்ணு மூணு வேளைக்கும். இன்னொண்ணு ராத்திரிக்கு ஒண்ணே ஒண்ணு, அதுக்கு மேல போட்டா ஆபத்தாயிரும். எல்லாம் தமிழ்லதான் எழுதியிருக்கறேன். புள்ள படிக்குமில்லீங்க?"

"படிக்குமுங்க" என்றாள் மாதம்மாள். பக்கத்தில் சுஜிதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. புருஷன் அண்ணாமலை மிளகு விற்கக் கீழே போயிருந்தான். வந்தாலும் அவனுக்கும் எழுத்துத் தெரியாது. பஸ் நின்றுவிட்டதால் மணிவண்ணன் அன்றைக்கு மலைக்கே வரவில்லை, சின்னுசாமி கடை சாத்தியிருந்தது, படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு அந்த மழையில் போகவும் வழியில்லை. மாதம்மாள் பாயில் படுத்துக்கொண்டு இரண்டு கவரையும் பார்த்தாள். இரண்டிலும் நீல மையில் ஏதோ ஓடியது. அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"கண்ணு," என்றாள். "எது எதுன்னு சொல்லு."

சுஜிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கவரை வாங்கவில்லை.

"ஒரே ஒரு தடவ. பாத்துச் சொல்லிட்டு மறந்துரு. யாருக்கும் தெரியாது."

"சாமிக்குத் தெரியும்மா."

"நான் சொல்றேன் சாமி, எனக்கு ஒண்ணும் ஆகாது. இதப் போடாட்டித்தான் ஆவும். எனக்காக. அம்மாவுக்காகப் படிக்க மாட்டியா?"

மாதம்மாள் கவரை மகளின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பிள்ளையின் கண் ஒரு நொடி அதன்மேல் போயிற்று. உதடு லேசாக அசைந்தது. உடனே அவள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, கண் மட்டும் திறக்கவில்லை.

"உனக்காகத்தாம்மா படிக்க மாட்டேங்கறேன்" என்றாள்.

கண்ணை மூடியபடியே கையை நீட்டி, தடவிப் பார்த்து, அம்மாவின் நெற்றியைத் தொட்டாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"பாரு, சூடு கொறையுதும்மா."

சூடு குறையவில்லை.